ஊரின் நினைவை யார் அடுக்குகிறார்கள்?

எதைச் சேர்ப்பது, எப்படிச் சொல்வது, யாருக்குத் திறப்பது: நம் பண்பாட்டை நடத்திச் செல்லும் மூன்று முடிவுகள்

1976. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூரில், பாழடைந்த ஒரு சிவன் கோயிலுக்குப் பக்கத்தில் கூலித் தொழிலாளி ஒருவர் மண் தோண்டினார். மண்வெட்டி உலோகத்தில் இடித்தது. வெளியே வந்தவை செப்புத் திருமேனிகள். அவற்றில் ஒன்று நடராஜர். செய்தி அரசாங்கத்துக்குப் போகவில்லை. சிலை கைமாறிக் கைமாறிக் கடல் கடந்தது. 1982இல் லண்டனில் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அதை வாங்கியது. அங்குள்ள போலீஸ் சிலையைக் கைப்பற்ற, வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. இடிந்து கிடந்தாலும் அந்தக் கோயிலுக்கு வழக்காடும் உரிமை உண்டு என்பதை இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1991இல் பத்தூர் நடராஜர் தமிழகம் திரும்பினார்.

அதே காவிரிப் படுகையில், அதே போல மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நிற்கிறார். பள்ளிப் பிள்ளைகள் பார்க்கிறார்கள், ஓவியக் கல்லூரி மாணவர்கள் உட்கார்ந்து வரைகிறார்கள், ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். ஒரு திருமேனி பொதுச்சொத்தானதும் இன்னொன்று சரக்கானதும் வேலைப்பாட்டின் ஏற்றத்தாழ்வால் அல்ல. ஒன்று அரசுப் பதிவேட்டில் ஏறியது, மற்றொன்று ஏறவில்லை.

பாட்டும் கூத்தும் திருவிழாவும் தாமாகவே நடப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில், ஒரு தலைமுறை எதைக் கண்ணால் பார்க்கும், எந்தப் பெயரில் அதை அறியும், எந்த மாதத்தில் எதைக் கேட்கும் என்பதில் அருங்காட்சியகம், நூலகம், சபா ஆகியவற்றின் கை பலமாக இருக்கிறது. இதை அங்கே வேலை பார்ப்பவர்களின் துறை விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் வரிப்பணத்தில், நம் பெயரால் எடுக்கப்படும் முடிவுகள் இவை.

உலோகத்தின் விலையும் ஐந்தில் ஒரு பங்கும்

முதல் முடிவு, எதைச் சேர்ப்பது என்பது. தமிழகத்துச் செப்புத் திருமேனிகளைப் பொறுத்தவரை இதை எழுதிவைத்தது 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது.

மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருள் கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது பிணை தர வேண்டும். உரிமை கோருவோர் வரலாம் என்று கலெக்டர் அறிவிப்பு வெளியிடுவார். அதற்கு நான்கு மாதம் முதல் ஆறு மாதம் வரை அவகாசம். உரியவர் யாரும் இல்லையென்றால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நில உரிமையாளருக்குக் கால் பங்கு. இடையில் அரசே அந்தப் பொருளை எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. அதற்குச் சட்டம் சொல்லும் விலை, பொருளில் உள்ள உலோகத்தின் மதிப்பும் அதனோடு ஐந்தில் ஒரு பங்கும். தெரிவிக்காமல் மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு.

இன்று ஜேசிபி வாளியில் ஒரு சிலை தட்டுப்பட்டால் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். வி.ஏ.ஓ.வுக்குத் தகவல் போகும், தாசில்தார் வருவார், மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டும் ஊர்மக்களுக்கு நடுவே மகஜர் எழுதப்படும், சிலை தாலுகா அலுவலகத்துக்குப் போகும். பிறகு அருங்காட்சியகக் காப்பாட்சியர் வந்து காலத்தையும் சிற்ப அமைதியையும் பார்த்து அறிக்கை தருவார்.

இந்த நடைமுறைக்கு நாம் நிறையவே கடன்பட்டிருக்கிறோம். நாகப்பட்டினத்தில் 1856 தொடங்கி 1930கள் வரை சுமார் 350 புத்தர் திருமேனிகள் கிடைத்தன. சோழர் காலத்திலும் அதற்குப் பின்னும் அந்தத் துறைமுகத்தில் பௌத்தம் உயிரோடு இருந்ததற்குக் கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்றுகள் இவை. அரசு வழியாக அவற்றில் பல எழும்பூர் வந்து சேர்ந்ததால்தான் டி.என். ராமச்சந்திரன் 1954இல் அவற்றைப் பற்றி ஒரு முழு நூல் எழுத முடிந்தது. நாகப்பட்டினத்தை இன்று பௌத்தத் தலமாகவும் நாம் நினைக்கிறோம் என்றால், அதில் அந்தப் பதிவேடுகளுக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் சட்டத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். ஒரு சோழர் காலத் திருமேனியை எடைக்கு எடை செம்பாக மதிப்பிடும் சட்டம், கண்டெடுத்த ஏழையிடம் நேர்மையை எதிர்பார்க்கிறது. அந்த நேர்மைக்குத் தகுந்த மரியாதையைத் தர அதற்குத் தெரியவில்லை. கள்ளச் சந்தை அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க எப்போதும் தயாராக இருக்கிறது. உடனடியான, கௌரவமான வெகுமதியும், கண்டெடுத்தவரின் பெயர் பொருளின் வரலாற்றில் நிலைக்கும் ஏற்பாடும் சட்டத்திலேயே இடம்பெற வேண்டும்.

ஒரே வளாகத்தில் ஒரு நகரம்

இரண்டாவது முடிவுக்குப் போகும் முன் எழும்பூர் வளாகத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சென்னை அரசு அருங்காட்சியகம் 1851இல் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தின் மாடியில் சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளுடன் தொடங்கியது. பொறுப்பேற்றவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். 1854 இறுதியில் அது எழும்பூரின் பாந்தியன் வளாகத்துக்கு வந்தது. வெள்ளைக்காரப் பெரிய மனிதர்கள் விருந்தும் நடனமும் நடத்திய மாளிகை அது. பாந்தியன் சாலை என்ற பெயர் இன்றும் அதைச் சொல்கிறது.

பால்ஃபர் ஒரு விஷயத்தைச் சீக்கிரமே புரிந்துகொண்டார். கல்லையும் சங்கையும் பார்க்க வராத கூட்டம் புலியைப் பார்க்க வரும். 1855இல் அருங்காட்சியகத்திலேயே உயிருள்ள விலங்குகளை வைத்தார். கர்நாடக நவாபிடம் கேட்டு அவருடைய விலங்குகளையும் வாங்கிச் சேர்த்தார். அந்தத் தொகுப்பு பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985இல் வண்டலூர் வந்து சேர்ந்தது. சென்னை மக்கள் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் விலங்குக் காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் அழைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் இரண்டையும் பார்க்காமல் ஊர் திரும்பியதில்லை.

1896 டிசம்பர் 5இல் அதே வளாகத்தில் கன்னிமாரா பொது நூலகம் திறக்கப்பட்டது. மியூசியம் தியேட்டரும் அந்தக் காலத்ததே. ஆங்கில நாடகங்களுக்காகக் கட்டப்பட்ட அந்த அரங்கில் பிற்காலத்தில் தமிழ் நவீன நாடகக் குழுக்களும் மேடையேறின. 1909இல் எழுந்த செந்நிறக் கட்டடம் பின்னாளில் தேசியக் கலைக்கூடம் ஆனது. கல், எலும்பு, செம்பு, நூல், நாடகம், ஓவியம் என்று ஒரு நகரத்தின் அறிவுத் தேவை முழுவதையும் ஒரே மதில் சுவருக்குள் வைத்துப் பார்த்த திட்டம் இது.

கன்னிமாராவை எல்லோருக்கும் உரியதாக்கியவை இரண்டு சட்டங்கள். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. அதற்காக வாதாடியவர் எஸ்.ஆர். ரங்கநாதன். நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து போவது அந்தச் சட்டத்தால்தான். 1954ஆம் ஆண்டின் சட்டம், இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்றாகக் கன்னிமாராவை ஆக்கியது. எங்கோ ஒரு சிற்றூரில் சொந்தக் காசில் 300 பிரதி அச்சடிக்கும் கவிஞனுக்கும் அந்த அலமாரியில் இடம் உண்டு என்று சட்டம் சொல்கிறது. பண்பாட்டில் சமத்துவம் என்பதை இதைவிடத் தெளிவாக எழுதிக் காட்ட முடியாது.

மூன்று வரியில் ஒரு தெய்வம்

இரண்டாவது முடிவு, எப்படிச் சொல்வது என்பது. அருங்காட்சியகம் ஒரு பொருளைப் பற்றிச் சொல்வதுதான் பெரும்பாலான பார்வையாளர்களுக்கு அந்தப் பொருளின் முழு வரலாறு.

செப்புத் திருமேனிகளை ஒழுங்குபடுத்திய முன்னோடிகளில் ஒருவர் எஃப்.எச். கிரேவ்லி. 1920 முதல் 1940 வரை எழும்பூருக்குத் தலைமை வகித்தவர். அடிப்படையில் விலங்கியலாளர், சிலந்திகளை ஆராய்ந்தவர். ராமச்சந்திரனோடு சேர்ந்து 1932இல் அவர் வெளியிட்ட உலோகத் திருமேனிப் பட்டியல், அங்கங்களையும் அணிகளையும் ஒப்பிட்டு வகைப்படுத்தும் முறையைக் கொடுத்தது. சி. சிவராமமூர்த்தி போன்றவர்கள் அதை மேலே கொண்டுபோனார்கள். 1930இல் அமைந்த வேதியியல் ஆய்வகத்தில் எஸ். பரமசிவன், பச்சை படர்ந்து அரித்துப்போன திருமேனிகளைக் காரக் கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தி, அரிக்கும் உப்பை வெளியேற்றினார். பட்டியல் அறிவைக் காத்தது, ஆய்வகம் உடலைக் காத்தது. நாம் ‘சோழர் செப்புத் திருமேனி’ என்று இன்று பெருமையோடு பேசுவது இந்த இரண்டின் பயன்.

ஒரு சனிக்கிழமை காலை அந்தக் கூடத்தில் நின்று பாருங்கள். பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். பெயர்ப்பலகையில் பெரும்பாலும் மூன்று தகவல்கள்: பெயர், ஊர், நூற்றாண்டு. படித்துவிட்டு அடுத்த சிலைக்குப் போய்விடுவார்கள். ஆனால் கண்ணெதிரே இன்னும் எவ்வளவோ இருக்கிறது. பீடத்தைப் பாருங்கள்: பக்கங்களில் வளையங்களும் துளைகளும் இருக்கும். கம்பு நுழைத்துப் பல்லக்கிலும் வாகனத்திலும் நிறுத்தி வீதியுலா கொண்டுபோக வைத்தவை அவை. இவர் கருவறையில் அசையாமல் இருந்தவர் அல்லர், தெருவுக்கு வந்து எல்லோரையும் பார்த்த உற்சவர். முகத்தைப் பாருங்கள்: மூக்கும் உதடும் மழுங்கியிருந்தால் அது சிற்பியின் பிழை ஆகாது. தலைமுறை தலைமுறையாகப் பாலும் சந்தனமும் சாத்தித் துடைத்த கைகளின் தடம் அது. ஏன் மண்ணுக்குள் போனார்? படை வருகிறது என்ற அச்சத்தில், தன் தெய்வத்தைக் காப்பாற்ற ஓர் ஊர் குழி தோண்டியிருக்கிறது.

இதையெல்லாம் சொல்ல ஐந்தாறு வரிகள் போதும். அந்த வரிகள் இருந்தால் பத்து வயதுப் பிள்ளை பீடத்தின் துளையைத் தேடிக் குனிந்து பார்க்கும். தேடிப் பார்த்த பொருளை அது மறக்காது. அதோடு திருவெண்காடு, திருவாலங்காடு என்ற ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு வரைபடமும் வேண்டும். தன் ஊருக்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்தவர் இவர் என்று தெரிந்த கணத்தில் பார்வை மாறிவிடும்.

மனிதர்களை அளந்த காலம்

சொல்லும் அதிகாரம் தவறாகவும் போகும். 1885 முதல் 1908 வரை எழும்பூரின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அருங்காட்சியகத்தை ஊக்கத்தோடு வளர்த்தவர். திரைக்குள் வாழ்ந்த கோஷா பெண்கள் வந்து பார்க்கத் தனி நேரம் ஒதுக்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். அதே மனிதர் அளவுகோலை எடுத்துக்கொண்டு, வந்தவர்களின் மூக்கையும் தலையையும் அளந்தார். சாதியை உடல் அளவால் நிறுவலாம் என்ற அன்றைய ஐரோப்பிய நம்பிக்கை அவரை ஆட்டியது. கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் அவர் வெளியிட்ட 7 தொகுதிகள், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் அகர வரிசையில் அடுக்கின. வண்ணத்துப்பூச்சிகளைக் குண்டூசியால் குத்திவைக்கும் அதே முறை மனிதர்கள் மேலும் பாய்ந்தது.

அந்தத் தொகுதிகளில் இன்று அழிந்துபோன வழக்கங்களைப் பற்றிய அரிய செய்திகள் உண்டு. ஆய்வாளர்களுக்கு அவை தேவை. ஆனால் உயிரோடு நகர்ந்துகொண்டிருந்த சமூகங்களுக்கு மாறாத குணங்களை எழுதிக் கொடுத்த பாவமும் அவற்றுக்கு உண்டு. எழுதப்பட்டவர்கள் எழுதும் இடத்தில் இல்லை. இதிலிருந்து அருங்காட்சியகங்கள் கற்க வேண்டியது தெளிவானது: ஒரு சமூகத்தின் பொருளைக் காட்சிக்கு வைக்கும்போது அந்தச் சமூகத்தாரை அழைத்துக் கேட்க வேண்டும். இருளரின் வலையையும் தோடரின் பூத்துணியையும் பற்றி எழுதும் வரிகள் இருளரும் தோடரும் படித்து ஒப்புக்கொண்டவையாக இருக்க வேண்டும்.

மார்கழியை உண்டாக்கியவர்கள்

அருங்காட்சியகம் பொருளை அடுக்குகிறது என்றால் சபா நாட்களை அடுக்குகிறது. சென்னையின் மார்கழிக் கச்சேரிகள் ஆதியிலிருந்தே நடப்பவை போலத் தோன்றும். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டோடு ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் மாநாடு ஆண்டுதோறும் தொடர, மற்ற சபாக்களும் அதே மாதத்தில் கூட, ஒரு நகரத்தின் இசைப் பருவம் உருவானது.

மேடை ஒழுங்கானதும் கேள்வியும் எழுந்தது: தமிழ்நாட்டுக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு ஏன் கடைசி இடம்? அந்தக் கேள்வியைக் கட்டுரைகளும் கூட்டங்களும் எழுப்பின. நிலைக்க வைத்தது இன்னொரு நிறுவனம். ராஜா அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943இல் தமிழ் இசைச் சங்கம் உருவானது. 1952இல் அதற்கு ராஜா அண்ணாமலை மன்றம் என்ற சொந்த அரங்கும் கிடைத்தது. பண் ஆராய்ச்சி ஆண்டுதோறும் நடக்கும் காரியமாயிற்று. ஒரு நிறுவனம் ஒதுக்கியதற்கு இடம் பிடித்துக் கொடுக்க இன்னொரு நிறுவனம் வேண்டியிருந்தது. பறையும் தெருக்கூத்தும் கரகமும் பொங்கல் நாட்களில் பூங்காக்களுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் வந்ததும் இவ்வழியில்தான். 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் என்ற அந்த விழா இடையில் நின்று, அரசின் கலை பண்பாட்டுத் துறை கையில் மீண்டும் தொடர்கிறது. அந்த இடைவெளியில் அந்தக் கலைஞர்கள் இழந்த மேடைகளை யாரும் ஈடுசெய்யவில்லை. கலைக்குத் தொடர்ச்சி வேண்டும். ஆட்சி மாறினாலும் நிற்கும் அமைப்பில்லாமல் தொடர்ச்சி வராது.

கிடைத்த ஊரிலேயே

மூன்றாவது முடிவு, யாருக்குத் திறப்பது என்பது. இதில் கடந்த சில ஆண்டுகளில் தமிழகம் எடுத்த சரியான அடி, பொருள் கிடைத்த இடத்திலேயே அருங்காட்சியகம் கட்டியது. 2023 மார்ச் 5இல் கீழடியில் செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் ஒன்று திறக்கப்பட்டது. ‘ஆதன்’, ‘குவிரன் ஆதன்’ என்று பானையில் கீறிய பெயர்களை, அந்தப் பானை புதைந்திருந்த மண்ணுக்குச் சற்று தூரத்திலேயே நின்று படிக்கலாம். சிவகங்கைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் வேன் பிடித்து ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம்.

ஆதிச்சநல்லூரின் கதையோடு இதை ஒப்பிட்டால் அருமை தெரியும். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி எடுத்தவை பெர்லின் போயின. அலெக்சாண்டர் ரீ 1899க்குப் பிறகு கண்டெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருட்களும் எழும்பூர் வந்தன. தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்கள் தங்கள் மூதாதையரைப் பார்க்க 600 கிலோமீட்டருக்கு மேல் ரயிலேற வேண்டியிருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 2023இல்தான் அங்கேயே தள அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நடப்பட்டது.

திருவாரூரில் அறநிலையத் துறையின் உலோகத் திருமேனிப் பாதுகாப்பு மையம் இன்னொரு வழியைக் காட்டுகிறது. பாதுகாப்பில்லாத சிறு கோயில்களின் திருமேனிகள் அங்கே வைக்கப்பட்டு, திருவிழாவுக்கு ஊர் போய்த் திரும்புகின்றன. பூட்டும் வேண்டும், புறப்பாடும் வேண்டும் என்ற இரண்டு தேவைக்கும் இடம் கொடுத்த ஏற்பாடு இது. ஆனால் அங்கே இருப்பவற்றை ஊரார் ஆண்டில் மற்ற நாட்களில் பார்க்கவும் வழி செய்ய வேண்டும்.

எழும்பூரின் கதவோ காலை 9.30க்குத் திறந்து மாலை 5க்கு மூடுகிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. கடையில் நிற்பவர், கட்டட வேலைக்குப் போகிறவர், ஷிஃப்டில் ஓடுகிறவர் எப்போது வருவார்கள்? வாரத்தில் இரண்டு நாளாவது இரவு 8 மணி வரை திறந்து வைக்கலாம். மாதத்தில் ஒரு நாள் கட்டணமே இல்லாமல் விடலாம். ஒரு நூற்றாண்டுக்கு முன் கோஷா பெண்களுக்காக நேரத்தை மாற்ற முடிந்த நிறுவனத்துக்கு இன்று உழைக்கும் மக்களுக்காக மாற்றுவது பெரிய காரியமில்லை.

செய்ய வேண்டியவை

ஸ்ரீபுரந்தான் நடராஜரை மீட்டுக் கொடுத்தது எது என்று நினைவிருக்கட்டும். கோயிலிலிருந்து திருடப்பட்ட அந்தத் திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அது எங்களுடையது என்று நிறுவ உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பில் இருந்த படங்கள். 1956 முதல் கோயில் கோயிலாகப் போய் எடுத்துச் சேர்த்த லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களின் தொகுப்பு அது. 2014இல் சிலை நாடு திரும்பியது. படம் எடுத்து, எண் போட்டு, அடுக்கி வைத்த எளிய வேலை ஒரு தெய்வத்தை வீடு சேர்த்தது. தமிழகத்தின் ஒவ்வொரு கோயிலிலும் மாவட்ட அருங்காட்சியகத்திலும் உள்ள திருமேனிகள் படமும் அளவுமாகப் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் ஏற வேண்டும். அதைச் செய்யக் காப்பாட்சியர்களும் வேதியியலாளர்களும் புகைப்படக்காரர்களும் போதிய எண்ணிக்கையில் நிரந்தர வேலையில் இருக்க வேண்டும். கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கும் அரசு, ஆட்களுக்கும் அதே மனதோடு ஒதுக்க வேண்டும்.

இதில் நமக்கும் வேலை இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் கலைஞர். பிறர் தூக்கிப் போட்ட பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பழைய இதழ் எல்லாவற்றையும் வாழ்நாள் முழுதும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது நூலும் பிறவுமாகச் சுமார் 1 லட்சம் உருப்படிகள் அந்த வீட்டில் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே 1994இல் ஆராய்ச்சி நூலகமாக்க உதவியது. நூறாண்டுத் தமிழ் வாழ்க்கையை ஆராய்கிறவர்கள் இன்று அந்தக் கதவைத் தட்டாமல் நகர முடியாது.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா கையெழுத்தில் ஒரு கணக்கு நோட்டு இருக்கலாம், ஊர்த் திருவிழா நோட்டீஸ் இருக்கலாம், நின்றுபோன ஒரு சிற்றிதழின் நான்கு பிரதிகள் இருக்கலாம். பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன் பக்கத்து நூலகத்திலோ மாவட்ட அருங்காட்சியகத்திலோ கேளுங்கள். அங்கே வாங்க மறுத்தால், ஏன் மறுக்கிறீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். உங்கள் ஊரில் கண்டெடுத்த சிலை இப்போது எங்கே இருக்கிறது என்று தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். கேட்கிற மக்கள் இருக்கும் ஊரில்தான் பதிவேடு ஒழுங்காக எழுதப்படும், பெயர்ப்பலகை திருந்தும், கதவு கூடுதல் நேரம் திறந்திருக்கும்.